‘ரோக்’ என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘ரோக்’ என்றொரு சொல் உண்டு. போக்கிரி, கயவன் என்று அகராதிகள் அதற்குப் பொருள் கூறும். ஆனால் 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வீடுவாசலின்றி ஊர் ஊராய்த் திரிந்து இரந்துண்டவர்களையே அது குறித்தது. 1572-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகையோரைச் சாட்டையால் அடித்துக் காதில் சூடு போடவும் வகை செய்தது. ‘இரந்து கேட்டல்’ எனப் பொருள்படும் ‘ரொகாரே’ என்ற இலத்தீன் வினையினின்று இச்சொல் பிறந்திருக்கலாம் என்பர் அறிஞர் சிலர். புனிதர்களின் மன்றாட்டுமாலையில் முன்னாளில் நம் ஆலயங்களில் ஒலித்த ‘ரொகாமுஸ்’ என்பதும் அவ்வினையே.

வறுமையைக் குறித்த சொல் நாளடைவில் தீமையைக் குறிப்பதாயிற்று. பின்னர், கூட்டத்தைப் பிரிந்து தனித்துத் திரிந்து மக்களைத் தாக்கும் யானைக்கும் வெள்ளையர் இப்பெயரையே சூட்டினர். அவர்கள் ஆட்சியில், ‘ரோக்’ என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த யானையைச் சுட்டுக் கொல்லத் தடையிருக்கவில்லை.

நம் நீலகிரியிலும் அத்தகைய யானை ஒன்று இருந்தது. தந்தமில்லாத அந்த மக்னா, கேரளத்திலும் தமிழகத்திலும் 20-க்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதைச் சுட்டுக் கொல்லக் கேரளத்தில் ஆணை பிறந்தது. ஆயினும் 1998-இல் கூடலூர்ப் பக்கத்தில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, தெப்பக்காடு முகாமுக்குக் கொணர்ந்தனர். அதன் உடலெங்கும் காயங்கள்! வனக் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி அப்புண்களுக்கு மருந்திட்டார். பாகர்கள் அதைக் கரால் என்னும் மரக்கூண்டில் வைத்துப் பழக்கினர். மருத்துவரின் பெயராலேயே அது ‘மூர்த்தி’ ஆயிற்று. சாதுவாக வாழ்ந்து 2024-இல் மடிந்தது.

உயிரிழந்தோரின் குடும்பத்தார் வடித்த கண்ணீர் சிறிதன்று. அதை மறக்க எவருக்கும் உரிமையில்லை. கூண்டும் சங்கிலியும் தேவையாகவே இருந்தன. ஆனால் கண்டிப்போடு மருந்தும் சென்றது. பட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் புண்ணைக் கண்டிருக்க முடியாது.

அன்புப் பெற்றோரே, ‘தறுதலை’, ‘உருப்படாதவன்’ என்று நாம் பிள்ளைகள்மேல் வீசும் சொற்களும் சூடுகளே. சிறை சென்று மீண்டவரை, குடியை விட்டவரை, நம் பங்கில் இன்னமும் எப்பெயரால் அழைக்கிறோம்? எரிகோ ஊரார் பாவி என்று ஒதுக்கிய சக்கேயுவை, ஆண்டவர் அண்ணாந்து நோக்கிப் பெயர் சொல்லியல்லவோ அழைத்தார்! அதன் பின்னரே அவன் தான் பறித்ததை நான்மடங்காகத் திருப்பித்தர முன்வந்தான்.

மூலப்பொருளை எண்ணினால், இறைவன் திருமுன் கையேந்தி நிற்கும் நாம் அனைவருமே இரவலர்தாம். கிறிஸ்தவர் என்று அவர் திருமகனின் பெயரையே நமக்குத் தந்திருக்கிறார். அதைத் தாங்கிய நாவால் பிறருக்குச் சூடு போடாதிருப்போமாக.