நமக்கென்று ஒரு பக்கம்

என் தந்தையார் வேலை தேடி டில்லிக்கு வந்த நாள்முதல் எங்கள் குடும்பம் ஐந்து முறை வீடு மாறியது. குடக்கூலி வீட்டில் ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிப்போன பாடம். அப்படியிருந்தும், இணையத்திலும் நான் குடக்கூலிக்கே இருந்தேன் என்பதைச் சென்ற ஆண்டுதான் உணர்ந்தேன். மூன்றாண்டுகளாகத் தமிழில் எழுதிவந்த என் சமூக ஊடகக் கணக்கு ஒருநாள் காலையில் பூட்டிக் கிடந்தது. காரணம் சொல்வாரும் இல்லை. முறையீட்டைக் கேட்பாரும் இல்லை. பாட்டி சொல்லச் சொல்ல நான் எழுதிவைத்த கதைகளும் அதனுள்ளே போயின. மறுபடி சொல்வதற்குப் பாட்டி இன்று இல்லை.

சிறிதாயினும் சொந்தமாக ஒரு பக்கம் வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அது நம் சங்கத்து நண்பர் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்பதே என் கருத்து.

"அது கணினித் துறையாரின் வேலை அல்லவா?" என்று கேட்பீர்கள். நான் பயில்வது வேதியியல். மொசில்லா நிறுவனம் இலவசமாக வழங்கும் எம்.டி.என். பாடங்களை நான்கு மாலைகள் படித்தேன், முதற்பக்கம் எழுந்துவிட்டது. பிழை உண்டா என்று பார்க்க டபிள்யூ3சி அமைப்பின் சோதனைக் கருவி இருக்கிறது. விடுபட்ட குறியை வரி எண்ணோடு சுட்டிக்காட்டும் அந்த ஆசிரியருக்குச் சினம் வருவதே இல்லை! தமிழில் எழுதுவோர் பக்கத்தின் தலைப்பகுதியில் 'யூடிஎஃப்-8' என்னும் குறிப்பை மறக்கலாகாது. மறந்தால் நம் எழுத்துகள் கிறுக்கலாகத் தோன்றக்கூடும்.

சரி, பக்கத்தை எங்கே வைப்பது? 2013-இல் தொடங்கிய நியோசிட்டீஸ் என் விருப்பத்திற்குரியது. அங்கே 1 கிகாபைட் இடம் இலவசம். விளம்பரத் தொல்லையும் இல்லை. இந்தக் கட்டுரை 20 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அப்படியானால் இதுபோன்ற 50,000 கட்டுரைகளுக்கு அங்கே இடமுண்டு! எழுதிக் களைத்தால் பிறர் பக்கங்களை உலாவி மகிழலாம். வைபி என்னும் தேடுபொறி எளிய, பழைய பாணிப் பக்கங்களைத் தேடித் தருகிறது. முன்பின் அறியாத ஒருவர் தம் ஆர்வத்தை அன்போடு விளக்கியிருப்பதைப் படிப்பது தனி இன்பம்.

"அதுவும் பிறர் வீடுதானே?" என்று கேட்டால், ஆம், கேள்வி நியாயமானதே. 1994-இல் பிறந்த ஜியோசிட்டீஸை 1999-இல் யாகூ நிறுவனம் வாங்கியது. 2009-இல் அமெரிக்காவில் மூடியது. எண்ணற்ற தனியார் பக்கங்கள் இடம் இழந்தன. அவற்றுள் பலவற்றை ஆர்வலர்கள் முயன்று படியெடுத்துக் காத்தனர். நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. மூலக் கோப்பு நம் கணினியில் இருக்கட்டும். ஓரிடம் மூடினால் கிட்ஹப் பேஜஸ் போன்ற வேறிடத்தில் அதை அப்படியே ஏற்றலாம். இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினிலும் ஒரு படியைச் சேமிக்கலாம். பூட்டப்பட்ட என் கணக்கிலிருந்து ஒரு வரியைக்கூட என்னால் எடுத்துவர இயலவில்லையே!

"யார் படிப்பார்?" என்பது கடைசித் தடை. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஓய்வு நேரத்தில் தட்டெழுதிய பக்கங்களால் வளர்ந்த நூலகம் அது. அவர்கள் வாசகரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

வரும் பொங்கலுக்குள் நம்மில் பத்துப் பேர் பத்துப் பக்கங்கள் தொடங்குவோம். ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு ஓர் இணைப்பு வைத்து வளையமாகக் கோப்போம். ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் இருப்பேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். வரும்போது உங்கள் பாட்டி சொன்ன ஒரு கதையோடு வாருங்கள். முதற்பக்கம் அதுவாகவே இருக்கட்டும்.