கவிழ்த்துப் பார்த்து வாங்குவோம்

தேங்காய் துருவும், மாவு பிசையும், காய் நறுக்கும், சாறு பிழியும். விலையோ 4,000 ரூபாய்க்குள், வட்டியில்லாத் தவணையில். ஃபுட் பிராசஸருக்கு இப்படியொரு விளம்பரத்தைக் கண்டவுடன் நாம் இணைப்புகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். விலையை ஏற்றாமல் இணைப்புகளைக் கூட்டினால் அந்தச் செலவு வேறெங்கோ குறைக்கப்பட்டிருக்கும்; பெரும்பாலும் மோட்டாரில், அல்லது ஜாரின் அடியிலுள்ள புஷ்ஷில்.

மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு அப்படியொன்றை வாங்கித்தான் இதை அறிந்துகொண்டோம். எட்டாம் மாதம் கப்ளரின் பற்கள் தேய்ந்து வழுக்கின. உள்ளங்கையில் அடங்கும் சிறு உறுப்பு அது. அபர்தீன் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கியும் அந்த அளவில் கிடைக்கவில்லை. சென்னைக்கு அனுப்பலாமென்றால் கப்பல் பயணமே ஏறக்குறைய மூன்று நாள். தவணை மட்டும் மாதம் தவறாமல் கணக்கிலிருந்து கழிந்தது. வங்கியில் பணிபுரிவோரும் இப்படி ஏமாறுவதுண்டு!

1960களில் சீமென்ஸ் நிறுவனப் பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். வெளிநாட்டு மிக்சி எரிந்துபோயிற்று. பழுதுபார்க்க இங்கு வழியில்லை. நம் பருப்பையும் மசாலாவையும் தாங்கும் மோட்டாருடன் அவர் உருவாக்கியதே சுமீத்.

ஆகவே கடையில் இயந்திரத்தைக் கவிழ்த்துப் பார்ப்போம். ஐஎஸ்ஐ முத்திரை இருப்பின், அதனுடன் உள்ள உரிம எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் அது மெய்யா போலியா என்பது தெரிந்துவிடும். மோட்டார் மிகையாகச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் உண்டா, தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பதையும் பார்க்க வேண்டும். வாட் அளவு மின்சாரம் இழுக்கும் திறனைச் சொல்லுமேயன்றி உழைக்கும் ஆண்டுகளைச் சொல்லாது. மோட்டாருக்கு 5 ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். கப்ளரும் பிளேடும் அதில் அடங்குமா என்பது சிறிய எழுத்தில் இருக்கும்.

வணிகவியல் மாணவர்க்குத் தேய்மானக் கணக்கு மறக்காது. 4,000 ரூபாய் இயந்திரம் 2 ஆண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 2,000 ரூபாய். 6,000 ரூபாய் இயந்திரம் 6 ஆண்டு உழைத்தால் 1,000 ரூபாய்தான். தீவில் வாழும் நமக்கு அந்த ஆண்டுகளைப் பெரிதும் முடிவு செய்வது உதிரிபாகமே. கப்ளர் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்ட பிறகே விலையைக் கேட்போம்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது மூன்று ஜார் மிக்சி மட்டுமே. தேங்காயைப் பழையபடி துருவியில்தான் துருவுகிறோம்.