வருகைப் பதிவேட்டில் விடுபட்ட பெயர்கள்

பள்ளிப் படிப்பை முடித்து முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்தபின் பழைய வகுப்புத் தோழர்கள் ஒன்றுகூடுவது இன்று ஊர்தோறும் வழக்கமாகிவிட்டது. ஒருவர் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்குகின்றார். ஒரு வாரத்தில் இருபது பேர் சேர்கின்றனர். சில மாதங்களில் நாளும் மண்டபமும் முடிவாகின்றன. நரைத்த தலைகள் ஒன்றையொன்று பார்த்துப் பட்டப்பெயர் சொல்லிச் சிரிக்கின்றன. நல்ல வழக்கந்தான். எனினும், வந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லி மகிழும் நாம், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. ஒரு சந்திப்பின் தரம் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றது என்பது என் கருத்து. நான் இழைத்த ஒரு பிழையிலிருந்து இதைக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் சித்தூர். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக உருவானது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்துக்குச் சென்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக் கோடுகள் இவ்வாறு பலமுறை மாறினாலும் எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடல் ஒன்றாகவே இருந்தது. தமிழ்வழிப் பிரிவும் தெலுங்குவழிப் பிரிவும் அடுத்தடுத்த அறைகளில் இயங்கின. இந்தப் பக்கத்திலிருந்து “டேய்” என்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து “ஒரேய்” என்று பதில் வரும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் சிலர் வேலூருக்கும் சென்னைக்கும், சிலர் திருப்பதிக்கும் ஹைதராபாத்துக்கும் போனோம். நாற்பது ஆண்டுகள் எவரும் எவரையும் தேடவில்லை.

இப்பகுதியின் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெருமையோடு சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சிறு வயதில் திருப்பதியிலுள்ள லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். திருச்சானூரைச் சேர்ந்த எம். அனந்தசயனம் ஐயங்கார் திருப்பதி தேவஸ்தான உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். 1956 முதல் 1962 வரை முன்னவர் குடியரசுத் துணைத் தலைவராக மாநிலங்களவையை நடத்தினார். பின்னவர் மக்களவையின் தலைவராக இருந்தார். ஒரே ஊரின் பள்ளிகளில் படித்த இருவர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் ஒரே காலத்தில் தலைமை தாங்கியது அரிய நிகழ்வு. ஆனால் அவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து எழுத்துக் கற்ற மற்றப் பிள்ளைகள் யார், என்ன ஆனார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. உயர்ந்தவரின் பெயர் நிலைக்கும். உடன் படித்தவரின் பெயர் வருகைப் பதிவேட்டோடு மறைந்துவிடும். பள்ளிச் சந்திப்புகளிலும் நாம் அறியாமலே இதைத்தான் செய்கின்றோம்.

எங்கள் முதல் சந்திப்பு 2024ஆம் ஆண்டு மே மாதம் சித்தூரில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. தலைக்கு 2,500 ரூபாய் என்று கட்டணம் வைத்தோம். கணக்கு வழக்கில் எனக்குப் பழக்கம் உண்டு என்பதால் பொருளாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. பணம் செலுத்தியவர்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு நாள் மாலையும் குழுவில் வெளியிட்டேன். செலுத்தியவர் பெயருக்கு எதிரே ஒரு குறி. செலுத்தாதவர் பெயருக்கு எதிரே வெற்றிடம். ஒளிவுமறைவு இன்றிக் கணக்குக் காட்டுகின்றோம் என்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இரு பிரிவுகளிலும் சேர்த்து 74 பேரில் 41 பேர் வந்தனர். மேடையில் ஒவ்வொருவரும் தம் பதவியையும் பிள்ளைகள் இருக்கும் நாட்டையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டனர். எண்பது வயதைக் கடந்த எங்கள் கணித ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர் பழைய குழுப் புகைப்படத்தை வாங்கிப் பார்த்தார். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன்மீது விரலை வைத்து, “இவன் எங்கே?” என்று கேட்டார். வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் எப்போதும் அந்தச் சிறுவனுக்குத்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எங்கள் குழுவில்தான் இருந்தார். ஒருநாளும் ஒரு சொல்கூட எழுதியதில்லை.

அடுத்த வாரம் அவரைத் தேடிச் சென்றேன். மாங்கூழ் ஆலைகளுக்கு மாங்காய் ஏற்றிச் செல்லும் சிறிய சரக்கு ஆட்டோ ஒன்றை ஓட்டி வருகின்றார். தேநீர் வாங்கிக் கொடுத்தார். “படங்களெல்லாம் பார்த்தேன். எல்லாரும் நன்றாக இருந்தீர்கள்” என்றார். ஏன் வரவில்லை என்று இரண்டாம் முறை கேட்டபின்தான் சொன்னார்: “சட்டை தைத்து வைத்திருந்தேன். பெங்களூரா வரத்து ஜூனில்தானே தொடங்கும்? மே மாதம் கையில் காசு இருக்காது. பட்டியலில் தினமும் என் பெயருக்கு எதிரே வெறுமையாக இருந்தது. குழுவை விட்டு வெளியேறினால் அதுவும் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.”

அந்தப் பட்டியலை எழுதியவன் நான். பள்ளியில் அவருடைய வீட்டுப்பாட நோட்டைப் பார்த்து எழுதித் தேறியவனும் நானே.

கடந்த ஆண்டு டிசம்பரில் திருப்பதியில் இரண்டாம் சந்திப்பை நடத்தினோம். அதற்கு முன் மூன்று மாற்றங்களைச் செய்தோம். முதலாவது, கட்டணம் என்று எதையும் குறிக்கவில்லை. இயன்றவர் இயன்றதை இருவர் பெயரிலுள்ள கூட்டுக் கணக்கில் செலுத்தலாம். யார் எவ்வளவு செலுத்தினார் என்பது அவ்விருவருக்கு மட்டுமே தெரியும். குழுவில் மொத்த வரவும் செலவும் மட்டும் வெளியிடப்படும். இரண்டாவது, மேடை அறிமுகத்தில் பதவியும் சம்பளமும் பேசக்கூடாது; பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். மூன்றாவது, குழுவில் அழைப்பு அனுப்பியதோடு நில்லாமல், மௌனமாக இருக்கும் ஒவ்வொருவரையும் ஒருவர் தனியே தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

அவர் சித்தூரிலிருந்து ரயிலேறி, பாகாலா வழியாகத் திருப்பதி வந்து சேர்ந்தார். ஆசிரியர் அவர் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. வந்தவர் எண்ணிக்கை 52 ஆக உயர்ந்தது.

கட்டணம் குறிக்காவிட்டால் பணம் சேராது என்று சிலர் அஞ்சினர். செலவுக்கு மேல் பணம் சேர்ந்தது என்பதே எங்கள் அனுபவம். வர விரும்பாதவரை ஏன் வற்புறுத்த வேண்டும் என்று வேறு சிலர் கேட்டனர். அது நியாயமான கேள்வி. பள்ளிக்கூடம் எல்லாருக்கும் இனிய நினைவன்று. பிரம்படியும் சாதிச் சொல்லும் கேலியும் வாங்கியவர்கள் அந்த வாசலுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்களுடைய விலகலை மதிக்க வேண்டும். ஆனால் விரும்பாமல் வராதவர் யார், விரும்பியும் வர இயலாதவர் யார் என்பதைக் குழுவில் இடும் செய்தி காட்டாது. ஒருவர் மற்றொருவரிடம் தனியாக, பொறுமையாகக் கேட்டால்தான் தெரியும்.

வங்கி வாடிக்கையாளர்களான வாசகர்கள் கருதத்தக்க செய்திகள் இதில் இரண்டு உள்ளன. பொதுப்பணத்தை ஒருவரின் சொந்தக் கணக்கில் திரட்டுவது, அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், பின்னாளில் மனக்கசப்புக்கு இடம் தரும். இருவர் கையொப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்க இயலாத கூட்டுக் கணக்கு அந்த ஐயத்தை முளையிலேயே நீக்கும். அடுத்து, பழைய நண்பரின் பெயரையும் படத்தையும் வைத்துக்கொண்டு, “மருத்துவமனையில் இருக்கின்றேன், உடனே பணம் அனுப்பு” என்று செய்தி அனுப்பும் மோசடிகள் பெருகிவிட்டன. பணம் அனுப்புமுன் அவருடைய பழைய எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள். பள்ளியில் மணியடித்தவர் யார் என்று கேளுங்கள். படத்தைத் திருடியவருக்கு அந்த விடை தெரியாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

சேமிப்புக் கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்காகின்றது. பத்து ஆண்டுகள் உரிமை கோரப்படாத தொகை, இந்திய ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றது. அப்போதும் உரியவரின் உரிமை அழிவதில்லை. அவர் தம் வங்கிக்கு வந்து கேட்டுப் பெறலாம். எந்த வங்கியில் தொகை உள்ளது என்று தேடுவதற்காகவே 2023இல் ‘உத்கம்’ இணையதளம் தொடங்கப்பட்டது. கேட்பாரற்ற பணத்துக்கே இத்தனை ஏற்பாடு இருக்கும்போது, நாற்பது ஆண்டுகள் கேட்பாரற்றுப்போன தோழமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மிகையாகாது.

எங்கள் புகைப்படத்தில் இன்னும் நான்கு முகங்களைக் கண்டுபிடிக்க இயலவில்லை. நால்வரும் பெண்கள். திருமணத்துக்குப் பின் ஊர் மாறியது; தமிழ்க் குடும்பத்தினர்க்குத் தலைப்பெழுத்தும், தெலுங்குக் குடும்பத்தினர்க்கு வீட்டுப்பெயரும் மாறின. பழைய பெயரைக் கொண்டு தேடினால் கிடைப்பதில்லை. அவர்கள் அந்நாளில் குடியிருந்த தெருக்களுக்கு நேரில் சென்று கேட்பது என்று முடிவு செய்திருக்கின்றோம். வரும் ஞாயிறன்று நானும் அந்தச் சரக்கு ஆட்டோ நண்பரும் முதல் தெருவுக்குப் போகின்றோம்.