கப்பலேறிய கார் கரையேறுமா?

எண்ணூர்த் துறைமுகத்தில் மாடிக் கட்டிடம் போல ஒரு கப்பல் வந்து நிற்கும். அதன் பின்புறக் கதவு மெல்லத் திறந்து, பாலம் போலக் கரையில் படியும். கார்கள் வரிசையாக வரும். டிரைவர்கள் அவற்றை ஓட்டிக்கொண்டே கப்பலுக்குள் போய்விடுவார்கள்! உள்ளே பத்துப் பன்னிரண்டு தட்டுகள். பெரிய கப்பலில் ஐயாயிரம், ஆறாயிரம் கார்கள்கூட அடங்கும். இதற்கு "ரோ-ரோ" கப்பல் என்று பெயர். உருண்டு ஏறும், உருண்டு இறங்கும் என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களைப் பாகம் பாகமாக வரவழைத்து எண்ணூரில் பூட்டி விற்றது. பிறகு அதுவே லாரி செய்யும் அசோக் லேலண்டு ஆனது. அன்று கார் கடலிலிருந்து வந்தது. இன்று கடலுக்குப் போகிறது. இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் ஹூண்டாய் கார்கள் சென்னைத் துறைமுகம் வழியாகவும், ஒரகடத்தில் செய்த நிஸான் கார்கள் 2010 முதல் எண்ணூர் வழியாகவும் பல தேசங்களுக்குப் போயின.

இத்தனை கார் போகும்போது, வெளிநாட்டுக்குக் குடிபோகும் திருவொற்றியூர்க்காரர் தம் காரையும் ஒரு மூலையில் ஏற்றிவிடலாமே என்று நினைப்பது இயற்கை. ஏற்றுவது பெரிய காரியம் அல்ல. கடன் பாக்கி இருந்தால் பாங்கியின் சம்மதம் வேண்டும். ஆர்.டி.ஓ. காகிதங்களும் சுங்க இலாகா காகிதங்களும் வேண்டும். இறக்குவதில்தான் வம்பு இருக்கிறது.

ஸ்டீரிங் எந்தப் பக்கம்?

நம் ஊரில் வண்டி சாலையின் இடப்பக்கம் ஓடுகிறது. ஸ்டீரிங் வலப்பக்கம் இருக்கிறது. சவுதி, துபாய், குவைத், கத்தார் எல்லாம் நேர்மாறு. நம் காரை அங்கே இறக்கினால் பதிவு செய்ய மாட்டார்கள். அப்படியானால் நம் தொழிற்சாலைக் கார்கள் எப்படி அங்கே விற்கின்றன? இடப்பக்கம் ஸ்டீரிங் வைத்துத் தனியாகச் செய்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்டீரிங் பொருந்தினாலும் போதாது. சிங்கப்பூரில் மூன்று வயதைத் தாண்டிய காரைப் பதிவு செய்ய முடியாது. அமெரிக்காவிலோ, அந்நாட்டு விதிப்படி செய்யாத காருக்கு இருபத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும். வேடிக்கைதான்! ஆஸ்திரேலியாவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக்கூட அங்கே விடமாட்டார்கள். பக்கத்து இலங்கை, டாலர் தட்டுப்பாட்டால் 2020-ல் கார் இறக்குமதியை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில்தான் மறுபடி கதவைத் திறந்தது.

திரும்பி வருகிறவர் பாடு

வெளிநாட்டில் பல வருஷம் உழைத்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர் பாடு இன்னும் கஷ்டம். வீட்டுச் சாமான்களுக்கு வரிச் சலுகை உண்டு. காருக்கு இல்லை. வளைகுடாவில் வாங்கிய கார் ஸ்டீரிங்கிலேயே அடிபட்டுப் போகும். சிங்கப்பூர், மலேயா கார்களுக்கு அந்தத் தடை கிடையாது. ஆனால் பழைய காருக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வாங்கிய நாளிலிருந்து அல்ல, செய்த நாளிலிருந்து கணக்கு! இந்தியா வந்ததும் சோதனைக் கூடத்தில் தேற வேண்டும். வரியோ காரின் விலையைத் தாண்டிவிடும். பத்து லட்ச ரூபாய்க் காருக்குப் பத்து லட்சத்துக்கும் மேலே!

இன்னொரு நிபந்தனை. பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம். புதுக் காரைச் சென்னையில் இறக்கலாம். பழைய காரை இறக்க முடியாது. ராயபுரத்துக்காரர் வீட்டு வாசலில் துறைமுகம் இருக்க, அவர் மும்பைக்கு ஓட வேண்டும்.

வயதுக்கும் வரிக்கும் நியாயம் உண்டு. பிற நாடுகள் கழித்துப் போட்ட கார்கள் இங்கே மலிவாகக் குவிந்தால் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிலாளியின் பிழைப்பு என்ன ஆகும்? ஆனால் ஒரே துறைமுகம் என்பது அதிகப்படி. எல்லா விதிக்கும் உட்பட்டு, வரியையும் கட்டி, ஒற்றைக் கார் கொண்டுவரும் குடும்பத்துக்குச் சென்னையிலும் வழி விட்டால் யாருக்கு நஷ்டம்?

இதெல்லாம் தெரியாமல் காரை அனுப்பிவிட்டால் பணம் கரையும். இலவச நாட்கள் கழிந்தபின் துறைமுகத்தில் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 48-வது பிரிவுப்படி, முப்பது நாளுக்குள் எடுக்காத சரக்கை, உரியவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு விற்கலாம். ஆசையாய் வாங்கிய கார் ஏலத்தில் போகும்.

கடலும் சும்மா இருப்பதில்லை. சீனாவிலிருந்து மெக்ஸிகோவுக்குச் சுமார் 3,000 வண்டிகளுடன் போன "மார்னிங் மிடாஸ்" கப்பல் 2025 ஜூன் 3-ந் தேதி தீப்பிடித்தது. மாலுமிகள் 22 பேரும் தப்பினார்கள். கப்பல் இருபது நாள் கழித்து மூழ்கியது.

கப்பல் வியாபாரத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆபத்தில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த நஷ்டத்தைச் சரக்கு பிழைத்தவர்களும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். உங்கள் காரில் ஒரு கீறல்கூட விழாமல் இருக்கலாம். பங்குத் தொகைக்கு ஜாமீன் கொடுக்காமல் காரை எடுக்க முடியாது. கடல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அந்தக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஊரில் ஓட்டுவதற்காக எடுத்த சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் இதற்கு உதவாது.