உபுண்டுவைக் கழட்டினது ஆர்?

எங்கட அறையில மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு லப்டொப். செகண்ட் ஹாண்டில வாங்கினது. இரண்டு வருசமாக அதில் உபுண்டுதான் ஓடியது. போன மாதம் அதை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டோம். தெரிந்த அண்ணா ஒருவர் கேட்டார், "என்ன, லினக்ஸ் சரிவரேல்லையோ?" லினக்ஸ் நல்லாத்தான் ஓடினது. சரிவராமல் போனது எங்கட ஆய்வேடு.

கலைப்பீடத்தில் படிக்கிற ஆக்களுக்கு இது விளங்கும். மாதிரிப் படிவம் வேர்ட் பைலாக வரும், எழுத்து பாமினியில் இருக்கும். பாமினியை உபுண்டுவிலும் போடலாம், போட்டோம். ஆனால் லிப்ரே ஆபிஸில் திருத்தி அனுப்பின பைல் மேற்பார்வையாளரின் வேர்டில் திறக்கும்போது அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும், அடிக்குறிப்பு இடம் மாறியிருக்கும். மூன்றாம் தடவையும் "ஒழுங்கா அடிச்சுக்கொண்டு வாங்கோ" எண்டு திரும்பி வந்த அன்றைக்கு முடிவெடுத்தோம்.

அவசரத்தில் எடுத்த முடிவு, அவசரத்தில் செய்த வேலை. உபுண்டுவை அழிக்க முதல் எல்லாப் பைலையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு எடுத்தோம். விண்டோஸ் போட்டு முடித்து டிஸ்க்கைக் குத்தினால், "பாவிக்க முதல் போர்மட் செய்யவேண்டும்" என்று ஒரு பெட்டி வருகிறது. அந்த டிஸ்க்கை நாங்களேதான் முந்தி உபுண்டுவில் ஈ.எக்ஸ்.டி.4 ஆகப் போர்மட் பண்ணியிருந்தோம், மறந்துபோச்சு. விண்டோஸுக்கு அதைத் தானாக வாசிக்கத் தெரியாது. தெரியாததை வெறும் டிஸ்க் என்று நினைத்துக்கொள்ளும். எங்களில் ஒருத்தியின் விரல் பட்டனுக்கே போய்விட்டது. அதற்குள் இருந்தது மீனவப் பெண்களிடம் எடுத்த 11 நேர்காணல்களின் குரல் பதிவு. வேறு பிரதி இல்லை. பேசின அம்மாமாரில் ஒருவர் இப்போது உயிரோடும் இல்லை.

நல்லகாலம், உபுண்டு பென்டிரைவ் கையில் இருந்தது. அதில் இருந்து பூட் பண்ணினால், இன்ஸ்டோல் செய்யாமலே உபுண்டு ஓடும். டிஸ்க்கைத் திறந்து, எல்லாவற்றையும் விண்டோஸும் வாசிக்கிற வேறொரு டிரைவுக்கு மாற்றினோம். அன்றிரவு ஒருவரும் சாப்பிடேல்லை.

இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு வேறு பொறி இருக்கிறது. லினக்ஸ் பகுதியை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணினால் கறுப்புத் திரையில் குரப் என்ற பெயர்தான் மிஞ்சக்கூடும். விண்டோஸ் பூட்டை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டு அழியுங்கோ. இன்னொன்று, முதலே விண்டோஸோடு வந்த லப்டொப்பாக இருந்தால் அதன் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும். அதே பதிப்பைப் போட்டால் கடையில் காசு குடுத்துக் கிரக் போடத் தேவையில்லை.

எங்களுக்குக் கோபம் வருவது இங்கேதான். எங்கட பழைய மெஷினில் டி.பி.எம் 2.0 இல்லை, அதனால் விண்டோஸ் 11-க்கு அது தகுதியில்லை. போட்டது விண்டோஸ் 10. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஒழுங்காக அப்டேட் வந்துகொண்டிருந்த ஒன்றைக் கழட்டி, ஆதரவு முடிந்த ஒன்றைப் போட்டிருக்கிறோம், ஒரு எழுத்துருவுக்கும் அட்டவணைக்கும். அதுவும் என்ன எழுத்துரு! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்த பழைய ஏற்பாடு. பாமினி இல்லாத கணினியில் ஆய்வேடு முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். இணையத்தில் ஏற்றினால் தமிழில் தேடிப் பிடிக்கவும் ஏலாது. தமிழில் ஆய்வு செய்யச் சொல்லிப்போட்டு அதை ஒருவரும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி அடிக்கச் சொல்லுறது என்ன ஞாயம்?

படிவத்தை யூனிகோடில் தாங்கோ, திருத்தத்துக்கு அனுப்பும் பிரதியை பி.டி.எப் ஆகவும் ஏற்றுக்கொள்ளுங்கோ. இவ்வளவுதான் நாங்கள் கேட்கிறது. பீடத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை ஏழு பேர் கையெழுத்து வைத்திருக்கினம். மற்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் அறைப்பக்கம் வாங்கோ.