காலவழு

சென்ற தவணையில் ஒருநாள் நன்னூற் பொதுவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் மயங்கின் வழுவாம் என்று விளக்கிக் காலவழுவுக்கு உதாரணம் கேட்டேன். 'நாளை வந்தான்' என்றான் ஒருவன். பின்வாங்கிலிருந்த மற்றொருவன், "ஐயா, 1274இல் வாழ்ந்த சாமுராய் ஹைக்கு பாடினால் அதுவும் காலவழுதானே?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. யான் நகைக்கவில்லை, அவன் சொன்னது எனக்கு விளங்காமையே காரணம்.

மாலையில் அவனே விளக்கினான். 2020ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனமொன்று வெளியிட்ட 'கோஸ்ட் ஒவ் சுஷிமா' என்னும் வீடியோ விளையாட்டு அது. 1274இல் மொங்கோலியப் படை கடல் கடந்து சுஷிமாத் தீவைத் தாக்கியமை வரலாறு. அதனை எதிர்க்கும் ஜின் சக்காய் என்னும் வீரன் கற்பனை. போர்களுக்கிடையே அவன் அமைதியான ஓரிடத்திலமர்ந்து ஹைக்கு புனைகின்றான். அடிகளைத் தெரிபவர் ஆடுபவரே. ஆயின், அக்காலத்து ஜப்பானியர் போற்றிப் பாடியது 31 அசை கொண்ட தங்கா. 17 அசைப் பா தனிச் சிறப்புப் பெற்றது 17ஆம் நூற்றாண்டில், பாஷோவின் காலத்தில். ஹைக்கு என்னும் பெயரை நிலைநிறுத்தியவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மசஒக்கா ஷிக்கி. மாணவன் கண்டது வழுவே.

இத்தகைய விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பர் எம் ஆசிரியர் பலர். இரவெல்லாம் கண்விழித்து ஆடுதல் கேடென்பதை யானும் உடன்படுவேன். ஆயினும் ஒன்று கருதுக. 2020இல் சுஷிமாவிலுள்ள வத்தத்சுமி ஆலயத்தின் தோரணவாயில் சூறாவளியால் வீழ்ந்தபோது, அதனை மீள எழுப்பப் பொருளீந்தவருள் இவ்விளையாட்டை ஆடியோர் பலர். கற்பனை வீரன் ஒருவன் மெய்யான ஊரின்மேல் அன்பு விளைத்தான். இவ்வாறு பயன் கருதி அமைத்துக்கொள்ளப்படும் வழுவை வழுவமைதி எனலாமன்றோ?

எனலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வழுவென அறிந்தவனுக்கே அது வழுவமைதி. அறியாதவனுக்கு அது வழுவாகவே நின்றுவிடும்.

இதனை எனக்குக் கற்பித்தவனும் அம்மாணவனே. நல்லூர் மந்திரிமனையை ஆண்டுதோறும் மாணவர்க்குக் காட்டி, "சங்கிலி மன்னனின் மந்திரி வாழ்ந்த மனை இது" என்று கூறிவந்தேன். இம்முறை அவன் கேட்டான்: "ஐயா, மன்னன் சிறைப்பட்டது 1619இல். இக்கட்டடத்தில் ஐரோப்பியச் சாயல் தெரிகின்றதே, இதுவும் காலவழுவோ?" இத்தனை ஆண்டு யான் சொல்லிவந்தது பெயரின் வரலாறு, கட்டடத்தின் வரலாறன்று. நாணினேன், மகிழவும் செய்தேன்.

மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையிலும் கால மயக்கங்கள் உள. அதற்காக அந்நூலை எவரும் எறிந்துவிடவில்லை. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் இயற்றி அதனைச் சீர்தூக்கினார். நூலுக்குச் செய்த அப்பணியை விளையாட்டுக்கும் நாம் செய்தல் வேண்டும். தடை விதிப்பதாற் பயனில்லை, அருகிலமர்ந்து, "இது மெய்யா?" என்று கேட்கப் பழக்குவதே ஆசிரியர் கடன்.

சுஷிமாவின் 1274ஐ அறிந்த பிள்ளை நல்லூரின் 1619ஐ அறியானாயின், குறை விளையாட்டினதன்று; எம்முடையது.