சொந்த வயலுக்கு ஒரு பாஸ்

2003ஆம் ஆண்டு, பெரும்போக விதைப்புக்கு முந்திய ஒரு காலை. கட்டைபறிச்சான் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றிருந்தோம். அப்போது நாம் குருமட மாணவர். விடுமுறைக் காலப் பணிக்காக மூதூருக்கு அனுப்பப்பட்டிருந்தோம். எமக்கு முன்னால் ஒரு கமக்காரப் பெரியவர் நின்றார். தோளில் பசளைப் பை, கையில் பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு கட்டுக் கடதாசி: அடையாள அட்டை, குடும்ப அட்டை, கிராம சேவையாளர் கடிதம், முந்திய போகத்தின் பாஸ் துண்டுகள், மறுபக்கத்தார் கொடுத்த வரிப் பற்றுச்சீட்டு. "பிரதர், கலியாண எழுத்தைக்கூட இவ்வளவு பத்திரமா வச்சிருக்கல்ல" என்று சொல்லிச் சிரித்தார். அவர் போய்க்கொண்டிருந்தது பிறதேசத்துக்கல்ல. தகப்பன் வெட்டித் திருத்திய வயலுக்கு.

அன்று எம் மக்களின் வாயில் இரண்டு சொற்கள் இருந்தன: 'அங்கால', 'இங்கால'. அரசாங்கம் 'கட்டுப்பாடற்ற பகுதி' என்று எழுதியது. புலிகள் வேறு பெயர் சொன்னார்கள். குடியிருப்பு இங்காலும் வயல் அங்காலுமாகப் போன குடும்பங்கள் மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் எத்தனையோ. போரின் கோடு வரப்பைப் பார்த்து விழுவதில்லை.

பாஸ் என்றால் ஒரு துண்டுக் கடதாசிதானே என்று வெளியூரார் நினைப்பர். வேளாண்மை செய்தவனுக்கே அதன் பாரம் தெரியும். சாவடி பகலில் திறக்கும், பொழுது சாய மூடும். ஆனால் பன்றி இரவில் வரும், யானை இரவில் வரும். வாடியில் இராக்காவல் கிடக்க முடியாதவன் விதைத்தும் பயனில்லை. வாய்க்காலில் தண்ணீர் முறை நடுச்சாமத்தில் வந்தால் மடையைத் திறந்துவிட ஆள் வேண்டும். உழவு மிசினுக்கு டீசல் கொண்டுபோக வேறு அனுமதி. அதற்கும் அளவு உண்டு. 2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கைகூட டீசல், பெற்றோல், சீமெந்து, இரும்புக் கம்பி ஆகியவற்றைக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலேயே வைத்திருந்தது. மீன்பிடித் தடைகள் தளர்ந்தபோதும் துறைமுகங்களும் அவற்றின் வாயில்களும் குடாக்களும் விலக்காகவே இருந்தன. திருகோணமலை மீனவனுக்கு அதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது வரி. விளைந்த நெல்லுக்கு, செங்கல் சூளைக்கு, கடைக்கு, ஏற்றிச் செல்லும் சாமானுக்கு என்று அங்கால் வரி இருந்தது. இங்கால் வரி என்ற பெயரில் எதுவும் இல்லை. ஆனால் சாவடியில் மூட்டைகளை இறக்கி, அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டி, வேறு வண்டியில் ஏற்றும் கூலி இருந்தது. காத்திருந்து கழிந்த நாட்கூலியும் இருந்தது. எமது கணிப்பில் இந்த இரண்டாவது வரியே கனத்தது, ஏனெனில் அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காலத்தில் நாமும் எம்மைப் போன்றவர்களும் பாஸைப் பற்றிப் பேசினோம், எழுதினோம். அங்கால் வாங்கிய வரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பயம் ஒரு காரணம். நம்மவர் என்ற எண்ணம் மற்றது. வரி கொடுத்த கமக்காரனுக்கு இரண்டுமே உதவவில்லை.

உலகில் நாள்தோறும் ஓர் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போய்வருவோர் இலட்சக்கணக்கில் உள்ளனர். தமிழர்களும் அவர்களுள் அடக்கம். மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து 1924இல் திறந்த கடல்மேற் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு விடியுமுன்னே வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் வேலை அனுமதி வேண்டும். வரிசையும் உண்டு, சலிப்பும் உண்டு. ஆயினும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான தீர்வையைச் சிங்கப்பூரில் கட்டவேண்டியவர் முதலாளி. அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிப்பது அங்கே குற்றம். ஐரோப்பாவில் பிரான்சிலிருந்து ஜெனீவாவுக்கு நாள்தோறும் வேலைக்குப் போவோர் ஜெனீவாவிலேயே வரி கட்டுகின்றனர். 1973ஆம் ஆண்டு செய்த உடன்படிக்கையின்படி, அவர்களது மொத்தச் சம்பளத்தின் 3.5 வீதத்துக்குச் சமமான தொகையை ஜெனீவா ஆண்டுதோறும் எல்லைக்கப்பாலுள்ள பிரெஞ்சுப் பகுதிகளுக்குக் கொடுக்கிறது. தொழிலாளி உறங்குவதும் அவன் பிள்ளை படிப்பதும் அங்கேதானே என்பது அதன் நியாயம்.

ஐக்கிய நாடுகள் சபை 1990 டிசம்பர் 18இல் புலம்பெயர் தொழிலாளர், அவர்தம் குடும்பத்தினர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை நிறைவேற்றியது. அதன் 2ஆம் உறுப்புரை எல்லைப்புறத் தொழிலாளி யார் என்று வரையறுக்கிறது: அயல்நாட்டில் குடியிருந்து, நாள்தோறும் அல்லது வாரத்துக்கு ஒருமுறையேனும் வீடு திரும்புபவர். 48ஆம் உறுப்புரை, அத்தகையோரிடம் உள்நாட்டுத் தொழிலாளரிலும் கூடுதலாக வரி வாங்கலாகாது என்கிறது. ஒரே வருமானத்துக்கு இரட்டை வரி விழாதபடி அரசுகள் முயல வேண்டும் என்றும் சொல்கிறது. இலங்கை இச்சமவாயத்தில் 1996 மார்ச்சில் இணைந்தது. நல்லது, பாராட்டுக்குரியது. ஆனால் அதே 1996இல் வடக்கு கிழக்கின் சாவடிகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? அயல்நாட்டான் ஒருவன் இந்நாட்டுக்கு நாட்கூலிக்கு வந்தால் ஏட்டில் அவனுக்குக் கிடைத்த பாதுகாப்பு, இந்நாட்டுப் பிரசையான மூதூர்க் கமக்காரன் தன் வயலுக்குப் போகையில் நடைமுறையில் கிடைக்கவில்லை. நாட்டின் எல்லைக்குச் சட்டம் உண்டு, அலுவலகம் உண்டு, முறையிட ஓரிடம் உண்டு. நாட்டுக்குள் விழுந்த கோட்டுக்கு அன்று சாவடியில் நின்றவரின் மனநிலையே சட்டமாயிற்று.

சட்டம் பேசிய வேளையும் ஒன்று உண்டு. வவுனியா சிதம்பரபுரம் முகாமில் இருந்த இடம்பெயர்ந்த ஒருவரின் அடிப்படை உரிமை மனுவில், பாஸ் முறையால் நடமாட்டத்தைத் தடுத்தது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் சுதந்திரத்தை மீறியது என 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு எங்கள் முகாம்கள் வரை நடந்து வரவில்லை என்பதே துயரம்.

2006இல் மாவிலாறு, மூதூர், சம்பூர் என்று போர் மூண்டதை வாசகர் அனுபவித்தே அறிவர். வாகரை ஊடாக மட்டக்களப்புக்கு ஓடியவர்களில் பலர் 2007இல் திரும்பக் கொண்டுவரப்பட்டு, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் இருத்தப்பட்டனர். அதற்குள் 2007 மே 30இல் மூதூர் கிழக்கு, சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்துவிட்டது. எழுத்திலான அனுமதி இன்றி எவரும் உள்ளே போகலாகாது. பகற் பாஸும் இல்லாத காலம் அது.

இங்கேதான் எமக்குத் தாங்க முடியாத ஒரு முரண்பாடு. எம் மக்களில் பலரின் காணி பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கியது. அதன் நிபந்தனைகளைக் காணியைப் பெற்றவர் நிறைவேற்றாவிட்டால் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்ய அச்சட்டம் இடமளிக்கிறது. காணியைத் திருத்திப் பயிர்செய் என்கிறது ஒரு கடதாசி. உள்ளே போகாதே என்கிறது இன்னொரு கடதாசி. இரண்டிலும் இருப்பது அரச இலச்சினையே. மகன் எந்தக் கடதாசிக்குக் கீழ்ப்படிவான்? பற்றை மூடிய வயலைக் கண்டு 'கைவிட்ட காணி' என்று குறிப்பெழுதும் அதிகாரி, அது ஏன் பற்றை மூடியது என்பதையும் அதே குறிப்பில் எழுதக் கடமைப்பட்டவர் அல்லவா?

2012இல் முதலீட்டு வலயமென்று ஒதுக்கிய 818 ஏக்கர் 2015இலும், கடற்படை முகாமிருந்த காணி 2016 மார்ச்சிலும் மக்களிடம் மீண்டன. வெறுந்தரையில் தறப்பாள் கட்டி, கிணறு இறைத்து, மறுபடி தொடங்கியவர்களின் துணிவை நாம் நேரில் கண்டோம். ஆனால் அனல்மின் நிலையத்துக்கென எடுத்த நிலத்தின் கதை வேறு. நிலக்கரித் திட்டம் 2016 செப்டெம்பரில் கைவிடப்பட்டது, நிலம் கைவிடப்படவில்லை. அங்கேயே சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரல் 5இல் இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் தொடக்கமிட்டனர். சூரிய ஒளிக்கு நாம் எதிரி அல்ல. புகையைவிட அது ஆயிரம் மடங்கு மேல். எம் கேள்வி, அந்த நிலத்தில் முன்னர் கால் வைத்து உழுதவரைக் கேட்டார்களா என்பதே.

எமது கருத்து இதுதான்: இழப்பீடு என்று பேசும்போது இடிந்த வீட்டையும் செத்த மாட்டையும் மட்டும் எண்ணுகிறார்கள். பாஸுக்காகக் காத்திருந்து தவறிய போகங்களை எண்ணுவதில்லை. ஒரே நெல்லுக்கு இரு பக்கத்திலும் கொடுத்ததை எண்ணுவதில்லை. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீடுகளுக்கான அலுவலகம் அமைந்திருக்கிறது. வயலுக்குப் போக விடாமல் தடுத்த ஆண்டுகளும் ஓர் இழப்பு என்று அங்கே பதியவைக்க வேண்டும். பெர்மிட் காணிகளைப் பொறுத்தவரை, அந்த ஆண்டுகள் பயிர்செய்யாத ஆண்டுகளாகக் கணக்கில் வரலாகாது என்று எழுத்தில் கேட்க வேண்டும். இன்றைக்கும் காணிக்குப் போக எவரேனும் அனுமதி கேட்கச் சொன்னால், எந்தச் சட்டத்தின்படி, யாருடைய கையொப்பத்தில் என்று கேளுங்கள். பணிவாகக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டும்.

அதற்குச் சான்று உங்கள் றங்குப்பெட்டிக்குள் கிடக்கிறது. பழைய பாஸ் துண்டு, ஏக்கர் வரிச் சிட்டை, கமநல சேவை நிலையப் பசளை மானியத் துண்டு, முகாம் அட்டை, உலர் உணவு அட்டை. போர் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று அடுப்பில் போட்ட குடும்பங்களை நாம் அறிவோம். அங்கால் கொடுத்த பற்றுச்சீட்டு இருந்தால் அதைக் காட்டுமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஆனால் கிழிக்க வேண்டாம். பாஸில் உங்கள் பெயர், ஊர், திகதி, எங்கே போகிறீர்கள் என்பன இருக்கும். உங்களைத் தடுத்த கடதாசியே, அந்த வயல் உங்களுடையதென்று நீங்கள் இடைவிடாது சொல்லி வந்தீர்கள் என்பதற்குச் சாட்சி.

கறையான் தின்னுமுன் கமக்கார அமைப்புகளோ மாதர் சங்கங்களோ ஒரு நாளைக் குறித்து, ஒவ்வொரு வீட்டின் கடதாசிகளையும் மூன்று பிரதி எடுக்கலாம். ஒன்று வீட்டில், ஒன்று சங்கத்தில், ஒன்று பிரதேச செயலகத்தில் கடிதத்தோடு. கடிதத்தை ஒப்படைக்கையில் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்க மறக்க வேண்டாம்.